முதுகில் தண்ணீர், இடுப்பில் கரி! கிராமத்துக்கு ரெயிலைக் கொண்டுவந்த குட்டி என்ஜின்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி நில்லுங்கள். நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது. ஒன்று விழுப்புரத்துக்கு. ஒன்று திருச்சிக்கு. ஒன்று சேலத்துக்கு. இன்னொன்று கடலூருக்கு.

பழமலைநாதர் கோவில் கொண்ட ஊர் இது. மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் ஊர். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். இங்கே களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் ஏற்றுகிறார்கள். பொம்மையாகவும், மின்சார பியூஸ் கட்டையாகவும் அது வெளியே வருகிறது. மண், கல்லாகிவிடுகிறது!

சூளைக்குள் இருக்கும் பொருள் எல்லாம் வேகிறது. ஆனால் சூளையின் உள்சுவர் மட்டும் உருகாமல் நிற்கிறதே, அது எப்படி? அதுவும் மண்தான். ஆனால் அதிகச் சூட்டைத் தாங்கும் தனி ரக மண். அந்த மண்ணில் செய்த கல்லுக்குத் தீச்செங்கல் என்று பெயர்.

இந்தத் தீச்செங்கலுக்கு இன்னொரு வீடும் இருந்தது. அது நீராவி என்ஜினின் வயிறு! நெருப்பு எரியும் பெட்டிக்குள், வளைவு வளைவாக இந்தக் கல்லை அடுக்கி வைப்பார்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதலில் என்ஜினைப் பார்ப்போம்.

பெரிய என்ஜினை அல்ல. மெயில் வண்டியை இழுத்துக்கொண்டு பறந்த ராட்சதனை அல்ல. சின்ன என்ஜின். குட்டி என்ஜின். கிளைப்பாதையில், நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு கிராமத்திலும் நின்று நின்று போனதே, அந்த என்ஜின்!

குழந்தைக்குத் தெரியும்

உங்கள் வீட்டுக் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். "தாமஸ்" என்று ஒரு நீல நிற என்ஜினைத் தெரியுமா என்று கேளுங்கள். வட்ட முகம், உருண்டைக் கண், சிரித்த வாய். தொலைக்காட்சியில் வரும் அந்தத் தாமஸ் ஒரு டாங்க் என்ஜின்தான்.

ஆட்ரி என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் மகனுக்காகச் சொன்ன கதை அது. தாமஸ் பற்றிய புத்தகம் 1946-இல் வெளிவந்தது. அந்தக் கதையில் தாமசுக்கு என்ன ஆசை தெரியுமா? பெரிய என்ஜின்களைப்போல எக்ஸ்பிரஸ் இழுக்க வேண்டும் என்றா? அந்த ஆசையும் இருந்தது. ஆனால் கடைசியில் அதற்குக் கிடைத்த பரிசு, தனக்கென்று ஒரு கிளைப்பாதை!

கதையில் வருவது வேடிக்கை அல்ல. உண்மையும் அதுதான். டாங்க் என்ஜினுக்கும் கிளைப்பாதைக்கும் அப்படி ஒரு சொந்தம்.

டாங்க் என்ஜின் என்றால் என்ன?

நீராவி என்ஜினுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று நெருப்பு. இன்னொன்று தண்ணீர். தண்ணீர் கொதித்து ஆவியானால், ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் வேண்டும் என்று முண்டும். அப்படி முண்டுகிற ஆவியைக் குழாய்க்குள் அடைத்து, ஒரு தண்டைத் தள்ளவிட்டால், அந்தத் தண்டு சக்கரத்தைச் சுற்றும். அடுப்பில் கொதிக்கும் பானை, மூடியைத் தூக்குகிறதே, அதே வேலைதான்.

அப்படியானால் என்ஜின் போகிற இடத்துக்கெல்லாம் தண்ணீரும் கரியும் கூடவே போக வேண்டும் அல்லவா?

பெரிய என்ஜின்கள் அதற்குத் தனி வண்டி வைத்திருந்தன. என்ஜினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வண்டிக்கு டெண்டர் என்று பெயர். 1950-க்குப் பிறகு நம் மீட்டர் பாதைகளில் நிறைய ஓடிய ஒய்.பி., ஒய்.ஜி. என்ஜின்களுக்கு டெண்டர் உண்டு.

டாங்க் என்ஜினுக்குப் பின்வண்டி கிடையாது. தண்ணீர்த் தொட்டியும் கரிப்பெட்டியும் என்ஜினின் உடம்போடு ஒட்டியே இருக்கும். சந்தைக்குப் போகிறவன் மூட்டையை வண்டியில் போடாமல் தன் முதுகிலேயே கட்டிக்கொண்டு போவது மாதிரி!

தொட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து இதில் வகை உண்டு.

கொதிகலனுக்கு இரண்டு பக்கமும் தொட்டி இருந்தால், அது பக்கத் தொட்டி. நம் நீலகிரி மலை ரெயில் என்ஜின் இந்த வகை.

குதிரைமேல் சேணம் போட்டதுபோல் கொதிகலன்மேல் தொட்டி உட்கார்ந்திருந்தால், அது சேணத் தொட்டி. டார்ஜிலிங் மலை ரெயிலில் 1889 முதல் வந்த நாலு சக்கர என்ஜின்கள் இந்த வகை.

கொதிகலனுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே தொட்டி இருந்தால், அது கிணற்றுத் தொட்டி. கீழே இருக்கிறது அல்லவா? அதனால் அந்தப் பெயர்! 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து, கல்கத்தா பக்கத்தில் ஓடிய "பேரி குயின்" என்ற என்ஜின் இந்த வகை.

முன்னும் போகும், பின்னும் போகும்

சரி, உடம்பிலேயே தொட்டியைக் கட்டியதால் என்ன லாபம்?

முதல் லாபம்: திருப்ப வேண்டாம். டெண்டர் உள்ள என்ஜின் பின்பக்கமாக ஓடுவது சிரமம். டிரைவருக்கு வழி தெரியாது, டெண்டர் மறைக்கும். அதனால் பாதையின் கடைசி ஊரில், என்ஜினை நிறுத்தி வட்டமாகச் சுற்றும் மேடை ஒன்று கட்ட வேண்டும். அதற்குச் செலவு ஆகும். டாங்க் என்ஜினுக்கு அந்த வம்பு இல்லை. முன்பக்கமும் ஓடும், பின்பக்கமும் ஓடும். கடைசி ஊரில் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிவந்து, மறுமுனையில் மாட்டினால் போதும். திரும்பிவிடலாம்!

இரண்டாவது லாபம்: பிடிமானம். என்ஜின் வழுக்காமல் இழுக்க வேண்டுமானால், சக்கரத்தின்மேல் பாரம் வேண்டும். டெண்டரில் இருக்கும் தண்ணீரின் பாரம் சும்மா பின்னால் வருகிறது. டாங்க் என்ஜினில் அந்தப் பாரம் ஓட்டும் சக்கரத்தின்மேலேயே உட்காருகிறது. மூட்டையே பலமாகிவிடுகிறது!

மூன்றாவது லாபம்: நீளம் குறைவு. நெருக்கமான வளைவிலும் திரும்பும். சின்ன ஷெட்டிலும் நிற்கும்.

நஷ்டமும் உண்டு. முதுகில் எவ்வளவுதான் சுமக்க முடியும்? தண்ணீரும் கரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். "பேரி குயின்" தொட்டியில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 3,000 லிட்டர்தான். தண்ணீர் குறையக் குறையப் பிடிமானமும் குறையும். ஆகவே நெடுந்தூரப் பயணத்துக்கு இது உதவாது. இருபது மைல், முப்பது மைல் பாதைக்கோ, இதைப்போல் உதவுவது வேறு கிடையாது.

மாடு இழுத்த ரெயில்!

கிராமத்துக்கு ரெயில் விடுவதில் பெரிய கஷ்டம் என்ஜின் அல்ல. தண்டவாளம்தான்!

தண்டவாளம் என்பது இரும்பு. இரும்பு என்பது பணம். கனமான என்ஜின் ஓட வேண்டுமானால் கனமான தண்டவாளம் வேண்டும். நெருக்கமாகக் கட்டை போட வேண்டும். பாலத்தைப் பலமாகக் கட்ட வேண்டும். நாலு மூட்டை நெல்லும், நாற்பது பயணிகளும் ஏறும் ஊருக்கு அவ்வளவு செலவு யார் செய்வார்கள்?

குஜராத்தில் பரோடா மகாராஜா 1862-இல் ஒரு சின்ன ரெயில் பாதை போட்டார். டபோய் என்ற ஊருக்கும் மியாகாம் என்ற ஊருக்கும் இடையே இரண்டரை அடி அகலப் பாதை. அதில் வண்டியை இழுத்தது என்ன தெரியுமா? மாடு! என்ஜினின் பாரத்தைத் தாங்க அந்தத் தண்டவாளத்துக்குப் பலம் இல்லை. பிறகு பலமான தண்டவாளம் போட்ட பின்தான் அங்கே நீராவி என்ஜின் ஓடியது.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை கண்டவர்களில் ஒருவர் எவரார்டு கால்த்ராப் என்ற ஆங்கில என்ஜினீயர். மராட்டிய நாட்டில் பார்சி என்ற ஊருக்கு இரண்டரை அடி அகலத்தில் ரெயில் பாதை போட்டார். 1897-இல் அது திறக்கப்பட்டது.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு அச்சின்மேல் 5 டன்னுக்கு மேல் பாரம் விழக்கூடாது. என்ஜினானாலும் சரி, சரக்கு வண்டியானாலும் சரி, எல்லா அச்சுக்கும் ஒரே சட்டம்! பாரம் எல்லா அச்சிலும் சமமாகப் பரவிவிட்டால் லேசான தண்டவாளமே போதும். ஒரு கெஜத்துக்கு 30 ராத்தல் எடையுள்ள தண்டவாளம் போட்டார். அதாவது மீட்டருக்கு 15 கிலோ. இன்று பெரிய பாதைகளில் மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம் போடுகிறார்கள். நாலில் ஒரு பங்கு இரும்பில் அவர் ரெயில் விட்டார்!

அதற்காக லீட்ஸ் நகரின் கிட்சன் கம்பெனியில் ஒரு டாங்க் என்ஜின் செய்து வாங்கினார். ஓட்டும் சக்கரம் 8. பின்னால் தாங்கும் சக்கரம் 4. ஆக 12 சக்கரம், 6 அச்சு. மொத்தப் பாரம் ஆறு அச்சிலும் பரவியது.

அந்தப் பாதை 1906-இல் பண்டரிபுரம் வரை நீண்டது. பாண்டுரங்கனைத் தரிசிக்கக் கால்நடையாகப் போன ஏழை ஜனங்கள் ரெயிலேறிப் போனார்கள். சின்ன என்ஜின் செய்த பெரிய புண்ணியம் அது!

லண்டனின் குட்டி நாய்

இது நம் நாட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட்லி என்ற என்ஜினீயர் 1872-இல் ஒரு குட்டி டாங்க் என்ஜின் செய்தார். ஆறே சக்கரம். எடை 28 டன்னுக்குள். புகை விடும்போது "வள் வள்" என்று குரைப்பதுபோல் சத்தம் வருமாம். அதனால் "டெரியர்" என்று நாயின் பெயரையே ஜனங்கள் வைத்துவிட்டார்கள்.

முதலில் அது லண்டன் நகரத்துக்குள் ஓடியது. பெட்டிகள் கனமானதும், "உன்னால் முடியாது" என்று நகரம் அதைத் தள்ளிவிட்டது. கிராமத்துக் கிளைப்பாதைகள் கைநீட்டி வாங்கிக்கொண்டன. லேசான பாதைக்கு லேசான என்ஜின் வேண்டுமே! அந்தக் குட்டி நாய்களில் சில 150 ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே காட்சிக்கு ஓடுகின்றன.

காலணா வரியில் ஒரு ரெயில் பாதை

இனி நம் ஊருக்கு வருவோம்.

சென்னை ராயபுரத்தில் இருந்து ஆற்காடு பக்கம் முதல் ரெயில் ஓடியது 1856-இல். அது அகலப் பாதை. அகலம் 5 அடி 6 அங்குலம். காஞ்சிபுரத்துக்கு ரெயில் வேண்டும் என்றபோது அவ்வளவு செலவு செய்ய முடியவில்லை. 1865-இல் அரக்கோணத்தில் இருந்து காஞ்சிபுரத்துக்கு 3 அடி 6 அங்குல அகலத்தில் சின்னப் பாதை போட்டார்கள். பட்டு நெய்யும் ஊருக்குக் கிளை ரெயில் வந்தது. பிறகு 1870-இல் இந்திய சர்க்கார், செலவைக் குறைக்க மீட்டர் பாதை என்ற அளவை எடுத்துக்கொண்டது. தென்னாட்டில் அதிகம் பரவியது அதுதான்.

தஞ்சாவூர்க்காரர்கள் செய்ததுதான் பெரிய காரியம். "எங்களுக்கு ரெயில் விடுங்கள்" என்று மனுக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜில்லா போர்டு, நிலத்தின்மேல் தனி வரி போட்டது. ரூபாய்க்கு 3 பை. இந்தக் காலத்துப் பைசா அல்ல; பழைய பை. ரூபாய்க்கு 192 பை இருந்த காலம் அது. ஆக, ரூபாய்க்குக் காலணா!

காலணா காலணாவாகச் சேர்ந்தது. அந்தப் பணத்தில் மாயவரத்தில் இருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை எழுந்தது. 1894-இல் ரெயில் ஓடியது. அப்புறம் அது அறந்தாங்கி வரை நீண்டது. உழவர்களின் காலணாவில் வந்த ரெயில்!

தர்மபுரிப் பக்கத்துக் கதை வேறு. அங்கே ரெயில் வந்ததற்குக் காரணம் பஞ்சம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். தானியம் இருந்த ஊரில் இருந்து இல்லாத ஊருக்குக் கொண்டுபோக வழி இல்லை. வண்டி மாடும் பட்டினியால் செத்தது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று, பஞ்சம் வரும் பகுதிகளுக்கு ரெயில் போட வேண்டும் என்ற யோசனை பிறந்தது.

அந்த யோசனையில் வந்தவைதான் திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதையும், மொரப்பூர் – தர்மபுரி பாதையும். முன்னது 1905-இல், பின்னது 1906-இல் திறந்தது. இரண்டும் இரண்டரை அடி குறும்பாதை. தர்மபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை போனது. பார்க்கச் சின்ன வண்டிதான். ஆனால் அதன் வேலை, சோற்றைச் சுமந்து வருவது!

தெற்கே திருச்செந்தூருக்குத் திருநெல்வேலியில் இருந்து 1923-இல் ரெயில் வந்தது. மாயவரத்தில் இருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்தது. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி! ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போதே வண்டி நின்று நின்று போவது தெரிகிறது அல்லவா?

கிளைப்பாதை என்றால் டாங்க் என்ஜின் மட்டுமே ஓடியது என்று நினைத்துவிட வேண்டாம். டெண்டர் இழுத்த சிறு என்ஜின்களும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான். லேசான தண்டவாளம், லேசான என்ஜின், குறைந்த செலவு. அந்தக் கணக்கு சரியாக வந்த இடத்தில்தான் கிராமத்துக்கு ரெயில் வந்தது.

என்ஜினுக்குள்ளே

குட்டி என்ஜினை ஓட்டுவது விளையாட்டு அல்ல.

வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். கொதிகலன் மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். அவசரப்பட்டால் இரும்பு விரிந்து கெட்டுவிடும். பயர்மேன் கரியை வாரிப் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரே இடத்தில் கொட்டக்கூடாது. மெல்லிசாகப் பரப்ப வேண்டும். தோசைக்கு மாவு பரப்புவதுபோல!

ஆரம்பத்தில் சொன்ன தீச்செங்கல் இங்கேதான் வருகிறது. நெருப்புப் பெட்டிக்குள் அந்தக் கல்லை வளைவாக அடுக்கியிருப்பார்கள். தீயின் நாக்கு நேராகக் குழாய்க்குள் ஓடிவிடாமல் அந்த வளைவு தடுக்கும். தீ சுற்றிக்கொண்டு போகும். அதற்குள் புகையில் இருக்கும் கரியும் எரிந்துவிடும். சூடு வீணாகாது, புகையும் குறையும். கதவைத் திறக்கும்போது உள்ளே வரும் குளிர்ந்த காற்று நேராகக் குழாயில் படாமலும் அது காக்கும். ஒரு சின்ன மண்கல் செய்த உபகாரம் எவ்வளவு பாருங்கள்!

"குப் குப்" என்று சத்தம் வருகிறதே, அதுவும் சும்மா அல்ல. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பாயும் சத்தம் அது. பாயும்போது நெருப்புப் பெட்டியில் இருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மேட்டில் ஏறும்போது "குப் குப்" பலமாகும். காற்று வேகமாக இழுக்கும். நெருப்பு இன்னும் கொழுந்துவிடும். கஷ்டப்பட்டு உழைக்க உழைக்கத் தானே பலம் பெறும் யந்திரம் அது!

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை தண்ணீர். கொதிகலனில் தண்ணீர் மட்டம் குறைந்து, நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்துவிட்டால் ஆபத்து. கொதிகலன் வெடிக்கும். அதற்காகக் கூரையில் ஈயம் வைத்து அடைத்த ஒரு திருகு வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் சூட்டில் ஈயம் உருகிவிடும். அந்த ஓட்டை வழியாக நீராவி நெருப்பின்மேல் பீறிட்டு எச்சரிக்கும், நெருப்பும் அடங்கும். சின்னத் தொட்டியை நம்பி ஓடிய டாங்க் என்ஜின்காரர்கள் தண்ணீர்க் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

பஸ் வந்தது, ரெயில் போனது

பிறகு என்ன ஆயிற்று?

ரோடு வந்தது. பஸ் வந்தது. ரெயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கும். பஸ்ஸோ வீட்டு வாசலில் நிற்கும். ரெயில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும். பஸ் மணிக்கு ஒன்று வரும். கிளைப்பாதைகளின் கணக்கில் நஷ்டம் எழுதப்பட்டது.

கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் ஓடிய குறும்பாதைகள் 1941-க்குள் மூடப்பட்டன. சோற்றைச் சுமக்க வந்த வண்டி நின்றுபோயிற்று. தரங்கம்பாடி ரெயில் 1986-இல் நின்றது. அறுபது வருஷம் ஓடிய வண்டி! திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வந்தவர்களை ஏற்றி வந்த வண்டி, தன் அறுபதாம் ஆண்டிலேயே கண்ணை மூடியது.

நீராவி என்ஜினுக்கும் முடிவு வந்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கடைசி அகலப் பாதை நீராவி என்ஜின் 1970-இல் வெளிவந்தது. அதற்கு "அந்திம சிதாரா" என்று பெயர் வைத்தார்கள். கடைசி நட்சத்திரம் என்று அர்த்தம். மீட்டர் பாதை என்ஜின் செய்வது 1972-இல் நின்றது. நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் 1992-இல் தொடங்கியது. அந்த மாறுதலில் விருத்தாசலத்தின் நாலு மீட்டர் பாதைகளும் அகலப் பாதைகள் ஆயின.

இது நல்லதுதான். விருத்தாசலத்தில் ஏறியவர் வழியில் இறங்கி வண்டி மாறாமல் தூர தேசம் போகிறார். அகலப் பாதையாக மாறிய ஊருக்கு லாபம். மாற்றாமல் மூடிய ஊருக்குத்தான் நஷ்டம். தஞ்சாவூர் ஜனங்கள் காலணா கொடுத்த பாதை அகலமாகி இன்றும் இருக்கிறது. தரங்கம்பாடிப் பாதை இல்லை. அதைத் திரும்பப் போட வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூடியது தப்பு என்று பிறகு தோன்றிய இடமும் உண்டு. மொரப்பூரையும் தர்மபுரியையும் மறுபடியும் ரெயிலால் இணைக்கும் திட்டத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். மூடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். மறுபடி திறப்பதற்கோ எழுபத்தெட்டு வருஷம் கழித்து அடிக்கல்தான் வந்தது!

இன்னும் உயிரோடு!

டாங்க் என்ஜினை மியூசியத்தில்தான் பார்க்க வேண்டுமோ என்று நினைக்காதீர்கள். விருத்தாசலத்தில் திருச்சி வண்டி ஏறுங்கள். திருச்சி ஜங்ஷனுக்குச் சற்று முன்னால் பொன்மலை வரும். 1928-இல் இருந்து அங்கே இருக்கும் ரெயில்வே தொழிற்சாலை, நீராவி என்ஜின் செய்யும் வித்தையை மறக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலைப்பாதை உங்களுக்குத் தெரியும். குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ரெயில் வந்தது. 12½ அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்தான பாதை. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் நடுவே பல் வைத்த தண்டவாளம். என்ஜின் அதைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே ஏறும். ஒரு சிலிண்டர் ஜோடி சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். இன்னொரு ஜோடி பல்சக்கரத்தைச் சுற்றும். முதல் ஜோடியில் வேலை செய்த நீராவியே இரண்டாவது ஜோடியிலும் வேலை செய்யும்!

இந்த என்ஜின்களை ஸ்விட்சர்லாந்து தேசத்தின் வின்டர்தூர் நகரில் செய்தார்கள். 1914 முதல் 1925 வரை 12 வந்தன. 1952-இல் இன்னும் 5 வந்தன. அவை கிழடாகிவிட்டபோது என்ன செய்வது? ஸ்விட்சர்லாந்துக்கு ஓடவில்லை. பொன்மலைத் தொழிலாளர்களே செய்தார்கள்! 2011 முதல் எண்ணெயில் எரியும் புதிய என்ஜின்கள் நாலு செய்து அனுப்பினார்கள். 2021-இல் கரியில் எரியும் என்ஜின் ஒன்றையும் செய்தார்கள். இந்த நூற்றாண்டில், நம் தமிழ்நாட்டில், புத்தம்புதிய டாங்க் என்ஜின்!

சென்னை பெரம்பூரும் சளைக்கவில்லை. 1855-இல் பிறந்த "பேரி குயின்" என்ஜினைப் பெரம்பூர் தொழிற்சாலையில் பழுது பார்த்து, 1997-இல் டில்லியில் இருந்து ஆள்வார் நகருக்கு ஓடவைத்தார்கள். அதன் உடன்பிறப்பான இன்னொரு 1855-ஆம் வருஷத்து என்ஜினையும் பெரம்பூர் கைகளே உயிர்ப்பித்தன. 2010-இல் அது சென்னையில் ஓடியது.

சின்னதாக இருந்ததால்

பெரிய என்ஜின் பெரிய ஊர்களை இணைத்தது. அது பெருமைதான். ஆனால் பெரிய என்ஜினுக்காகக் காத்திருந்தால், செம்பனார்கோவிலுக்கும் பொறையாறுக்கும் அந்தக் காலத்தில் ரெயில் வந்திருக்குமா? அந்தப் பாரத்தைத் தாங்கும் பாதைக்கு யார் பணம் கொடுத்திருப்பார்கள்?

சின்ன என்ஜின் வந்ததற்குக் காரணம், அது சின்னதாக இருந்ததுதான். ஊரின் பலம் எவ்வளவோ அவ்வளவே பாரம் வைத்தது. தனக்கு வேண்டிய தண்ணீரையும் கரியையும் தானே சுமந்தது. திருப்பிவிட மேடை கேட்கவில்லை.

அந்த வண்டிக்கு லாப நஷ்டக் கணக்கு எழுதியவர்கள் டிக்கெட்டை மட்டும் எண்ணினார்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன பையனையும், ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணியையும், சந்தையில் நல்ல விலைக்குப் போன நெல்லையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. காலணா கொடுத்த தஞ்சாவூர் உழவனுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கொடுத்தான்.

அடுத்த விடுமுறையில் குழந்தைகளை மேட்டுப்பாளையம் அழைத்துப் போங்கள். மலையேறும் என்ஜினின் இரண்டு பக்கமும் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள். "தாமஸ்!" என்று குழந்தை கத்தும். "ஆமாம், ஆனால் இது பொன்மலையில் பிறந்த தாமஸ்" என்று சொல்லுங்கள்!